ஏழரை மணிச் செய்தி

அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும். பூண்டை எண்ணெய் இல்லாமல் கருக விட்டு, அதன் மேல் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாசனை. கடலூருக்குத் தெற்கே தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அவருக்கு வேலை. காலை ஷிப்ட். மத்தியானம் கம்பெனி பஸ் கொண்டுவந்து விட்டதும் குளிப்பார், சாப்பிடுவார், ஒரு தூக்கம் போடுவார். எந்த சோப்பும் அந்த வாசனையை ஒன்றும் செய்ய முடியவில்லை. நாலு மணிக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அதற்கு மேல்தான் அவருடைய உண்மையான வேலை ஆரம்பமாகும்.

அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஊரில் மீசை அரும்பின பையன்களும் தாவணி வயசுப் பெண்களும் எங்கெங்கே சேர்ந்து நிற்கிறார்கள் என்று பார்த்து, அதை அவரவர் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். யாரும் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்ட வேலை அது.

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, சென்னையில் ஃபிரெண்ட்ஸோடு ஜாலியாகப் போக என்னென்ன இடம் இருக்கிறது என்று காட்டினீர்கள். மால், பந்து உருட்டுகிற இடம், பனிக்கட்டியில் வழுக்குகிற இடம், மொட்டை மாடியில் காபிக்கடை. இத்தனை வெயில் அடிக்கிற ஊரில், ஒருத்தர் கையை ஒருத்தர் சில்லென்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற இடமாகவே தேடி வைத்திருக்கிறார்கள். "உங்க காலத்துல எங்க போவீங்கப்பா?" என்று கேட்டீர்கள். சோறு ஆறிப்போகிறது, அப்புறம் சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்து யோசித்தால், அந்தக் கேள்விக்கு அவரை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பேர் வேண்டாம். தெருவில் எல்லாருக்கும் அவர் மாமா. எங்களுக்குள் அவர் 'ஏழரை மணிச் செய்தி'. அந்த நேரத்துக்குத்தான் வீடு வீடாக வந்து வாசிப்பார்.

கேட்டுக்கு வெளியே மொபெட்டை நிறுத்துவார். என்ஜினை மட்டும் அணைக்க மாட்டார், அடுத்தடுத்த வீடுகள் காத்திருக்கின்றன அல்லவா? எங்கள் அப்பா வெளியே போவார். "ஒங்க பையன் இன்னிக்கி டவுன்ஹால் கிட்ட நின்னாண்ணே," என்பார். நின்றான் என்பதுதான் குற்றம். பீடி பிடித்தான், சண்டை போட்டான் என்று இல்லாததை ஒருநாளும் சேர்த்துச் சொன்னதில்லை. அதில் அவர் ரொம்ப நேர்மை. நின்றான், கூட நாலு பேர் நின்றார்கள், சிரித்தார்கள். மொபெட் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, அங்கே நின்று என்னடா சிரிப்பு என்று கேட்பார். எதற்குச் சிரித்தோம் என்று எனக்கே ஞாபகம் இருக்காது. ஞாபகம் இல்லாமல் சிரித்ததற்குத் தனியாகத் திட்டு விழும்.

ஆனால் அவரால் எங்களுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கடலூரில் எங்கே போனால் பொழுது போகும் என்று எங்களுக்கு முதலில் தெரியாது. அவர்தான் தெரியப்படுத்தினார். என் கூட்டாளி பஷீருடைய வாப்பா துபாயில் இருந்ததால், அவன் வீட்டுச் செய்தியை உம்மாவிடம்தான் வாசிக்க வேண்டும். ஒருநாள் அங்கே போய், பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருக்கிறான், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் திரை போட்டு வைத்திருக்கிறான், பையனை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அப்படி ஒன்று திறந்திருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மறுநாள் எங்கள் தெருப் பையன்கள் மொத்தமும் அங்கேதான் இருந்தோம். கெடிலம் பாலத்துக் கட்டைச் சுவரில் நல்ல காற்று வரும் என்பதும், மஞ்சக்குப்பம் மைதானத்தில் எந்த மூலையில் சாயங்கால நிழல் விழும் என்பதும், பேக்கரியில் முட்டை பப்ஸ் எந்த நேரத்துக்குச் சூடாக வெளியே வரும் என்பதும் அவர் கண்டித்ததால் எங்களுக்குக் கிடைத்த பொது அறிவு.

அந்த பிரவுசிங் சென்டரைச் சோதிக்க அவரே ஒருநாள் வந்தார். கடைக்காரர் வாடிக்கையாளர் என்று நினைத்து ஒரு தடுப்புக்குள் உட்கார வைத்துத் திரையை இழுத்துவிட்டார். சோதனை போட வந்தேன் என்று சொல்ல மாமாவுக்குக் கூச்சம். அரை மணி நேரம் உள்ளே சத்தமே இல்லை. கடைசியில் கடைக்காரர் எட்டிப் பார்த்தால், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திரையில் நீந்துமே மீன்கள், அதையே பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார். மௌஸைத் தொடவே இல்லை. அன்றைக்கு ஏழரைக்கு எங்கள் வீட்டில் வாசித்த செய்தி இதுதான்: "உள்ள ஒண்ணும் இல்லண்ணே. மீனுதான் காட்றான். அதுக்குப் போய் மணிக்கணக்குல காசு வாங்குறான்."

சில்வர் பீச்சுக்கு மொபெட் வராது, மணலில் புதையும். அதனால் ரோட்டோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். கரையில் ஏற்றி வைத்திருக்கிற படகுகளுக்குப் பின்னால் நிழல் உண்டு. அதுதான் எங்கள் ஏசி. சுனாமிக்கு அப்புறம் டவுன்காரர்கள் கொஞ்ச காலம் கடற்கரைப் பக்கம் வரவே பயந்தார்கள். மாமா அந்தப் பயத்தையும் வீணாக்கவில்லை. ஒருநாள் எங்களிடம், "எந்திரிங்கடா, அலை வரும்" என்றார்.

பக்கத்தில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். கலைச்செல்வி. தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம். எங்களோடு கணக்கு டியூஷனில் படித்தாள்.

"அலை வந்தா மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் மாமா வரும்," என்றாள். "நாங்களே இருக்கோம். இது எங்க வாசல். நீங்கதான் எங்க வாசல்ல வந்து நிக்கிறீங்க."

மாமா செருப்பை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். "வாசலா இருந்தாலும் நிக்கிறது நிக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் எழுந்து போனோம். தூரமாகப் போய்த் திரும்பிப் பார்த்தால், நாங்கள் எழுந்த அதே இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். மிளகாய் பஜ்ஜி வாங்கி வைத்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து, நாலு பேர் கை நீட்டி எடுப்பதற்கு வைப்பார்களே, அந்த மாதிரி தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி மணலில் வைத்திருந்தார். கை நீட்டத்தான் ஆள் இல்லை. இருட்டுகிற வரை அப்படியே இருந்தார். "பாவம்டா, டியூட்டி டயர்டு" என்றான் பஷீர். சிரித்தோம். ஆனாலும் அதைப் பார்த்தது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

கலைச்செல்வி அன்றைக்குத் தப்பியது, எங்களோடு உட்காராமல் வேலையாக இருந்ததால். மாமா கண்ணில் எங்களோடு சேர்த்துப் பட்டால் அவளுக்கு எங்களைப் போல ஒரு திட்டோடு முடியாது. அவர்கள் தெருவில் பிளஸ் டூவுக்கு மேல் படிக்கப் போன பெண் அதுவரை ஒருத்தி கூட இல்லை. இவளுக்குச் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்க வேண்டும். அவள் அப்பா, படகு வைத்திருந்தவர், ரொம்ப நாள் யோசித்துச் சரி என்றிருந்தார். கூடவே ஒன்று சொல்லியிருந்தார். "ஒரு பேச்சு வரக் கூடாது. வந்துச்சின்னா அன்னியோட சரி." ஆக, மார்க் வாங்குவதை விட மாமாவுக்கு அகப்படாமல் இருப்பது அவளுக்கு முக்கியமாகிவிட்டது.

அகப்படாமல் இருப்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் மூக்கு. பூண்டு கருகுகிற வாசனை வந்தால் கலைந்துவிட வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. தெற்கிலிருந்து காற்று அடித்தால், தொழிற்பேட்டை வாசனை மொத்தமாகக் கிளம்பி ஊருக்குள் வந்துவிடும். ஊர் முழுக்க மாமா வாசனை அடிக்கும். அந்த மாதிரி நாட்களில் பேக்கரியிலிருந்து பையன்கள் பப்ஸைக் கடித்தபடியே ஓடினார்கள், மைதானத்தில் பேட்டிங் செய்தவன் ஸ்டம்பை விட்டுவிட்டு ஓடினான். மாமா அந்த நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். வராமலேயே விரட்டுகிற சக்தி ஊரில் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

அதற்கு மருந்து சொன்னவள் கலைச்செல்விதான். கடல்காரர் பிள்ளைக்குக் காற்று தெரியாதா? தென்னை மட்டையைப் பார், வடக்கே சாய்ந்தால் சோழகக் காற்று, தெற்கிலிருந்து வருகிறது, பயப்படாமல் உட்கார். மட்டை வேறு பக்கம் சாய்ந்தோ ஆடாமலோ இருக்கும்போது வாசனை வந்தால் அது அவர், ஓடு. அதற்கப்புறம் நாங்கள் வீணாக ஓடியதில்லை. வாசனை வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தென்னை மரத்தை அண்ணாந்து பார்ப்போம். பேக்கரிக்காரர் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று கேட்டிருக்கிறார்.

சிதம்பரத்துக்குப் போன அன்று பயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். நர்சிங் அப்ளிகேஷன் வாங்க கலைச்செல்வி, அவள் அம்மா, நான், பஷீர் என்று பஸ் ஏறிப் போனோம். அம்மா கோயிலுக்குள் போன நேரத்தில் நாங்கள் கீழ வீதியில் ஒரு கடையில் ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தோம். கடலூரை விட்டு ஒன்றரை மணி நேரம் வந்தாயிற்று, இனி என்ன பயம்? யானையைப் பார்த்தோம், வளையல் கடையைப் பார்த்தோம், போகிற வருகிற காலேஜ் பிள்ளைகளைப் பார்த்தோம். அங்கே கூட்டம் கூட்டமாக நின்று பேசினார்கள், யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் மாமா இல்லை என்று கலைச்செல்வி சொல்லி வாய் மூடவில்லை, வாசனை வந்தது. வீதியில் தென்னை மரம் இல்லை. அவள் சட்டென்று கல்லாவுக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

மாமாவேதான். அவர் மனைவிக்குக் குமராட்சிப் பக்கம் ஊர். ஏதோ காதுகுத்துக்கு வந்துவிட்டு, மினிபஸ்ஸில் சிதம்பரம் வந்து இறங்கியிருக்கிறார். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். கடலூரில் நிற்க இடம் தீர்ந்துவிட்டதா, இங்கே வந்து நிற்கிறீர்களே என்று கேட்டார். பின்னால் பட்டுச் சேலையில் அவர் மனைவியும், எங்கள் வயசு மகள் உமாவும் நின்றார்கள். உமாவை நாங்கள் மொபெட்டின் பின் சீட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம், பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும். அவள் எங்கள் ரோஸ் மில்க்கைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமா அவளுக்கு ஒன்று வாங்கித் தருவார் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

2007இல் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கலைச்செல்விக்கு இடமும் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் அவள் வீட்டு வாசலிலேயே, படகுக்குப் பின்னால், நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பஜ்ஜி தின்றோம். விடுதியில் வாரத்துக்கு எத்தனை நாள் மீன் போடுவார்கள் என்பதுதான் பேச்சு. போடவே மாட்டார்கள் என்றான் பஷீர். போடாவிட்டால் சமையல்காரரைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டுவேன் என்றாள் அவள். அப்போது வாசனை வந்தது. பஷீர் பாதி எழுந்துவிட்டான். அவள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். மட்டை வடக்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"ஒக்காருடா, சோழகம்," என்றாள். "அவரு இல்ல."

காற்றும் தெற்கிலிருந்து வந்தது, அவரும் தெற்கிலிருந்து வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகைச் சுற்றி வந்து எங்கள் எதிரில் நின்றார். அவள் வாய் நிறைய பஜ்ஜியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் எங்களைத் திட்டுவார். அன்றைக்குத் திட்டவில்லை. ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுப் போனார். செய்தி கிடைத்தவருக்குத் திட்ட என்ன அவசியம்?

ஏழரைக்கு அவள் தெருவுக்கு முதல் தடவையாகப் போய், வீடு விசாரித்து, அவள் அப்பாவிடம் வாசித்திருக்கிறார். வழக்கம்போல ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒங்க பொண்ணு ரெண்டு பையன்களோட ஒக்காந்து சிரிச்சிக்கிட்டிருந்திச்சி. அவர் போன பிறகு அவள் அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, "சிதம்பரம் வேணாம்" என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் சாயங்காலம் கலைச்செல்வி எங்கள் தெருவுக்கு வந்தாள். கையில் ஒரு பையில் மீன். அழுத மாதிரி தெரியவில்லை. மாமா வீடு எது என்று கேட்டாள். பஷீர் பதறிவிட்டான், சண்டை போடப் போகிறாயா என்றான். சண்டை எதற்கு, நிற்கத்தான் போகிறேன் என்றாள்.

அந்த வீட்டுக் கதவை நாங்கள் தட்டியது அதுதான் முதல் தடவை. எல்லா வீட்டுக்கும் அவர் போவார், அவர் வீட்டுக்கு யாரும் போனதில்லை. மாமாவின் மனைவி, அத்தைதான் கதவைத் திறந்தார். "அத்த, அம்மா மீன் குடுத்துவுட்டாங்க. உமாவப் பாக்க வந்தோம்" என்று கலைச்செல்வி சொன்னதும் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே வாங்க உள்ளே வாங்க என்று நாற்காலியைத் துடைத்தார், ஃபேனைப் போட்டார், முறுக்கு டப்பாவைத் தேடினார். உமா முதலில் கதவோரம் நின்றாள். பத்து நிமிஷம் கழித்துப் பேச ஆரம்பித்தாள். அதற்கப்புறம் வேறு யாரையும் பேச விடவில்லை. அவளுக்கும் சிதம்பரத்தில் பி.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருந்ததாம். அங்கே யார் யாரோடு நிற்பார்களோ என்று அப்பா வேண்டாம் என்றுவிட்டாராம். தபாலில் பாடம் வரவழைத்து வீட்டிலிருந்தே படி என்றாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எத்தனையோ வருஷம் சேர்த்து வைத்த சிரிப்பு மாதிரி இருந்தது.

மாமா ரவுண்டு முடித்து வந்தார். வாசலில் எங்கள் செருப்புகள் கிடந்தன. எங்கள் செருப்பை எங்களை விட நன்றாகத் தெரிந்தவர் அவர். நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"இங்க என்னா பண்றீங்க?"

"கடற்கரைல நிக்கக் கூடாதுன்னீங்க, பேக்கரில நிக்கக் கூடாதுன்னீங்க," என்றாள் கலைச்செல்வி. "இங்க பெரியவுங்க இருக்காங்க, ஃபேன் இருக்கு. நல்ல எடமா இருக்கு மாமா. தெனம் வரோம்."

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை, "ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? நிக்காம உள்ள வாங்க" என்றார்.

தினமும் போனோம். எங்களை வீட்டில் விட்டுவிட்டு அவரால் ரவுண்டு போக முடியவில்லை. ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஊரில் பேக்கரி நிறைந்தது, பாலத்துச் சுவரில் இடம் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். எங்கள் அப்பா ஏழரைக்குக் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு, என்ன செய்தியைக் காணோம் என்று திரும்பி வந்தார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தார்.

மூன்றாம் நாள் உமா பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கினாள். தூசி தட்டிப் பவுடர் போட்டு ஆடினோம். பஷீர் ஸ்டிரைக்கரைக் கோட்டுக்கு வெளியே வைத்து அடித்தான். மாமா நாற்காலியிலிருந்தே அது ஃபவுல் என்றார். அடுத்த ஆட்டத்தில் நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்ததில் அவர் கையில் ஸ்டிரைக்கர் இருந்தது. பிள்ளைகளே, ஒன்று சொல்ல வேண்டும், அவரை மாதிரி ரெட் போடுகிற ஆளை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. சுவரில் தட்டித் திரும்பி வந்து, இரண்டு காய்க்கு நடுவில் புகுந்து விழும். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று பஷீர் கேட்டான். எங்கேயும் போனதில்லை, தனியாக ஆடிப் பழகினது என்றார். தனியாக எப்படி கேரம் ஆடுவது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவர் ரெட் போட்டு ஜெயித்து, ரொம்பச் சந்தோஷமாகக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கலைச்செல்வி ஆரம்பித்தாள்.

"மாமா, எங்கப்பாகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

"என்னான்னு?"

"நாங்க என்னா பேசிக்கிட்டிருந்தோம்னு."

"நா பாத்தததான சொன்னேன். பேசுனது என் காதுல விழல."

"காதுல விழாதத கேட்டுட்டுப் போயிருக்கலாம்ல? ஆஸ்டல்ல மீன் போடுவாங்களான்னு பேசிக்கிட்டிருந்தோம். அவ்ளோதான். அதுக்கு எம் படிப்பு போச்சு. திங்கக்கெழமை வரைக்கும்தான் எடம் இருக்கும்."

மாமா காய்களை அடுக்குவதை நிறுத்தவில்லை. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று வட்டமாக வைத்து முடித்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தார்.

அங்கே நடந்ததை அவள் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். படகுப் பக்கம் போய் நின்றாராம். அவள் அப்பாவிடம், அன்றைக்குப் பாதிதான் சொன்னேன், மீதி இப்போதுதான் தெரிந்தது என்றாராம். காலேஜ் விஷயமாகத்தான் பேசினார்கள், பொண்ணு தினம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, எங்கள் உமாவோடு கேரம் ஆடுகிறது, நல்ல பொண்ணு என்றாராம். நின்றது தப்பில்லை என்று மட்டும் அவர் வாயிலிருந்து கடைசி வரை வரவில்லை. அவள் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"ஒங்க பொண்ணுக்கும் அங்க எடம் கெடச்சிருக்காமே சார். நீங்க அனுப்புறீங்களா?"

மாமா படகைப் பார்த்தாராம்.

"நீங்க அனுப்புனா நானும் அனுப்புறேன். ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும். அனுப்ப பயமா இருக்குன்னா, எனக்கும் அதே பயந்தான் சார்."

அந்த இடத்தில் மாமா ரொம்ப நேரம் நின்றாராம். ஊரில் யாரும் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்று அவர் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் அனுப்புகிறேன் என்றார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கிக்கொண்டிருந்தபோது அத்தை டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள். கலைச்செல்வி ஜன்னல் வழியாக எங்களுக்குக் கை காட்டினாள். உமா யாருக்கும் கை காட்டவில்லை, அதற்குள் முன் சீட்டுப் பெண்ணோடு பேச ஆரம்பித்திருந்தாள். மாமாவும் அத்தையும் அதே பஸ்ஸில் கொண்டு விடப் போனார்கள். பெட்டியைக் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகும் மாமா விடுதிக்கு எதிரில் ரோட்டோரம் நின்றுகொண்டே இருந்தாராம். யார் யார் உள்ளே போகிறார்கள், வெளியே வருகிறார்கள் என்று பார்த்திருப்பார். விடுதி வாட்ச்மேன் ரோட்டைத் தாண்டி வந்து, "இங்கெல்லாம் நிக்கக் கூடாது சார், கெளம்புங்க" என்றிருக்கிறார். அத்தை எங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கும் பஷீருக்கும் அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. பழையபடி பாலத்துச் சுவருக்குப் போனோம். நல்ல காற்று. வாசனை வரவில்லை. தென்னை மட்டையைப் பார்த்தோம், அது எந்தப் பக்கம் ஆடினாலும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஓட வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். கொஞ்ச நேரத்தில் பஷீர், "மச்சான், போரடிக்குதுடா" என்றான். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஏழரைக்கு மொபெட் சத்தம் கேட்டது. அப்பா ஆர்வமாக எழுந்து கேட்டுக்குப் போனார். நான் ஜன்னலில் நின்றேன். அன்றைக்கு மாமா என்ஜினை அணைத்தார்.

"ஒங்க பையன் இன்னிக்கி எங்க வீட்டுக்கு வரலண்ணே."

அப்பாவுக்குப் புரியவில்லை. "வேற எங்க பாத்தீங்க?" என்று கேட்டார்.

"எங்கயும் பாக்கல. நா வெளியவே போவல. போர்டுல பவுடர் போட்டு, காய அடுக்கி வெச்சிட்டு ஒக்காந்திருந்தேன். வரல. அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏன்டா போவல?" என்று கேட்டார். போனதற்காகத் திட்டு வாங்கித்தான் எனக்குப் பழக்கம். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு மொபெட்டின் பின்னால் ஏறினேன். அந்த வாசனைக்கு அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை போனதே இல்லை.

மாமா மொபெட்டைக் கிளப்பினார். "அடுத்தது பஷீர் வீடு" என்றார்.